காஞ்சிபுரத்தில் ஒன்றரை நாள்: எதை, எந்த நேரத்தில், எப்படிப் பார்ப்பது?

கேள்வி இது: சனிக்கிழமை காலை சென்னையிலிருந்து கிளம்பி ஞாயிறு மதியம் திரும்ப வேண்டும். கூட வருவது வயதான பெற்றோர்; அப்பாவுக்கு முழங்கால் வலி. சாமியும் கும்பிட வேண்டும், பழைய சிற்பம், கல்வெட்டு, ஓவியம் இவற்றையும் நின்று பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்தில் எதையெல்லாம் பார்க்கலாம், எந்த வரிசையில்?

எல்லாவற்றையும் பார்க்க முடியாது, முயலவும் வேண்டாம். இந்த ஊருக்குள் மட்டும் திவ்ய தேசங்கள் 14, தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் 5. இவை போக, பாடலில் வராத பல்லவர் கோயில்கள், சமணக் கோயில்கள், சித்திரகுப்தனுக்கென்றே நெல்லுக்காரத் தெருவில் இருக்கும் கோயில் என்று பட்டியல் நீளும். 'ஒரே நாளில் பன்னிரண்டு கோயில்' என்று ஆட்டோவில் சுற்றி வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், எந்தச் சாமி எந்தக் கோயில் என்று குழம்பியிருப்பார்கள். எட்டு இடம் போதும். அவற்றையும் சரியான நேரத்தில் பார்க்க வேண்டும்.

காஞ்சிபுரத்தில் பயணத்தைக் கெடுப்பது வெயிலோ கூட்டமோ அல்ல, நடை சாத்தும் நேரம்தான். பெரும்பாலான கோயில்கள் 12 மணி, 12.30 மணிக்குச் சாத்தி மாலை 4 மணிக்கு மேல்தான் திறக்கும். வீட்டில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு 9 மணிக்குக் கிளம்பி 11.30-க்கு ஊருக்குள் நுழைந்தால் ஒரு கோயிலின் கதவு உங்கள் முன்னாலேயே மூடப்படும், அடுத்த நான்கு மணி நேரம் வீண். காலை 7 மணிக்கு முதல் கோயில் வாசலில் இருக்கும்படி கிளம்புங்கள். சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். பேருந்து பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாகவும் வரும், தாம்பரம், வாலாஜாபாத் வழியாகவும் வரும். கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு வழியாக வரும் புறநகர் ரயில் சிக்கனம், முழங்காலுக்கும் நல்லது. ஆனால் இந்தத் தடத்தில் வண்டிகள் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் ஆகும். பெற்றோர் கூட வருவதால் காரே சரி.

ஊரின் அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் அலைச்சல் பாதி குறையும். பேருந்து நிலையம் இருக்கும் பகுதி பெரிய காஞ்சிபுரம், அதாவது சிவ காஞ்சி. ஏகாம்பரநாதர், காமாட்சி, குமரகோட்டம், உலகளந்த பெருமாள், கச்சபேசுவரர் எல்லாம் நடை தூரத்தில், அல்லது ஐந்து நிமிட ஆட்டோ தூரத்தில். தென்கிழக்கே சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி சின்ன காஞ்சிபுரம், விஷ்ணு காஞ்சி. அங்கே வரதராஜப் பெருமாள். மேற்கே ஊர் முடியும் இடத்தில் கைலாசநாதர். அதற்கும் தென்மேற்கே வேகவதி ஆற்றைத் தாண்டினால் திருப்பருத்திக்குன்றம், ஜின காஞ்சி. ஆகவே சனிக்கிழமை காலை மேற்குப் பக்கம், மாலை நடு ஊர், ஞாயிறு காலை சின்ன காஞ்சிபுரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வரதரை ஞாயிற்றுக்குத் தள்ளக் காரணம் உண்டு: சனிக்கிழமை பெருமாள் கோயில்களில் கூட்டம் கட்டி ஏறும். அதேபோல் காமாட்சிக்கு வெள்ளியும் பௌர்ணமியும். முகூர்த்த நாளாக இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. காலண்டரைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

முதல் இடம் கைலாசநாதர் கோயில். ஊரிலேயே அதிக நேரம் ஒதுக்க வேண்டியதும் இதுதான்; குறைந்தது ஒன்றரை மணி நேரம். இராசசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மன் கி.பி. 700-ஐ ஒட்டிக் கட்டியது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் இவன் காலத்ததே. கோயில் கிழக்கு நோக்கியது, எனவே காலை வெயில் நேராக முகப்பில் விழும். சிற்பங்களின் ஆழம் தெரிவது இந்தச் சாய்ந்த ஒளியில்தான். உச்சி வெயிலில் போனால் எல்லாம் தட்டையாகத் தெரியும், காலும் சுடும்.

உள்ளே நுழையும் முன் வெளியே வரிசையாக நிற்கும் எட்டு சிறு கோயில்களைப் பாருங்கள். அவற்றில் ஒன்று இராசசிம்மனின் அரசி ரங்கபதாகை எடுப்பித்தது; கல்வெட்டு அப்படிச் சொல்கிறது. அடுத்து, வழியை மறித்தாற்போல் நிற்பது மகன் மூன்றாம் மகேந்திரவர்மன் கட்டிய மகேந்திரவர்மேச்சரம். இதையே மூலக்கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. பக்கவாட்டில் போனால்தான் பெரிய விமானமும் திருச்சுற்றும் வரும்.

கல்லைக் கவனியுங்கள். அடித்தளத்தின் வரிகள் கருங்கல், அதற்கு மேல் முழுவதும் மணற்கல். எடை தாங்கவும் ஈரத்தைத் தடுக்கவும் கீழே கருங்கல். நுணுக்கமாக, வேகமாகச் செதுக்க மேலே மணற்கல். அந்த வசதிக்குக் கொடுத்த விலைதான் இன்று தெரியும் தேய்மானம். மணற்கல் ஈரத்தை உறிஞ்சி, உலர்ந்து, அடுக்கடுக்காக உதிரும். விரலால் தடவினாலே மணல் வரும் இடங்கள் உள்ளன, தயவுசெய்து தடவாதீர்கள். பிற்காலத்தில் தேய்ந்த சிற்பங்களின் மேல் சுண்ணாம்புச் சுதை பூசி மூக்கும் கண்ணும் திரும்பச் செய்து வைத்தார்கள். சில யாளிகளின் முகம் பொம்மை போல் உருண்டையாக இருக்கும், அது சுதை. சுதை விழுந்துபோன இடத்தில் உள்ளே கூர்மையான பல்லவ உளி வேலை எட்டிப் பார்க்கும். பின்கால்களில் நிமிர்ந்து நிற்கும் சிங்கத் தூண்களில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்.

திருச்சுற்றின் மதிலை ஒட்டி 58 சிறு சன்னதிகள். அவற்றின் அடித்தளத்தில் இராசசிம்மனின் பட்டப்பெயர்கள், 200-க்கும் மேல், பல அடுக்குகளாக, வெவ்வேறு எழுத்து வடிவங்களில் வெட்டப்பட்டுள்ளன. ரணஜயன், சங்கரபக்தன் என்பவை எந்த அரசனும் வைத்துக்கொள்ளக்கூடியவை. வீணா நாரதன், வாத்திய வித்யாதரன் என்று தன் வாத்தியத் திறமையைக் கல்லில் வெட்டி வைத்தவனுக்கு இசையில் உண்மையாகவே பிடிப்பு இருந்திருக்க வேண்டும். ஒரே பெயரைச் சாதாரண கிரந்தத்திலும், கொடியும் சுருளுமாக அலங்கரித்த எழுத்திலும் எழுதியிருப்பார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த அலங்கார எழுத்தைப் பார்க்கலாம்.

இந்தச் சன்னதிகளின் உட்சுவரில்தான் ஓவியங்கள் இருந்தன. 1931-ல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கண்டறிந்து சொல்லும்வரை மேல்பூச்சுக்கு அடியில் மறைந்திருந்தன. இன்று மிச்சம் இருப்பவை துண்டுகள்: ஒரு கன்னம், பாதிக் கிரீடம், சிவப்புக் கோட்டில் ஒரு புருவம், சோமாஸ்கந்தர் (சிவன், உமை, நடுவில் குழந்தை முருகன்) குடும்பத்தின் நிழல் போன்ற உருவங்கள். வெளியிலிருந்து உடனே உள்ளே பார்த்தால் இருட்டுதான் தெரியும். சன்னதியின் முன் நின்று அரை நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள், பிறகு நிறம் ஒவ்வொன்றாக வரும். ஃபிளாஷ் வேண்டாம், அது நிறத்துக்கும் கேடு, படத்திலும் எதுவும் விழாது.

கருவறையில் 16 பட்டை கொண்ட லிங்கம், பின்சுவரில் சோமாஸ்கந்தர். லிங்கத்தைச் சுற்றி ஒரு குறுகிய உட்சுற்று உண்டு. தவழ்ந்து நுழைந்து, நின்று சுற்றி, மறுபடி தவழ்ந்து வெளிவர வேண்டும். மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. அப்பாவை இதில் இறக்க வேண்டாம். முழங்காலை ஊன்றாமல் முடியாது, நடுவில் சிக்கினால் திரும்பவும் இடமில்லை. பருமனானவர்களும் யோசித்துச் செய்யுங்கள்.

மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அர்ச்சகரையோ காவலரையோ கேட்டால் காட்டுவார்கள். இந்த ஊரில் ஒரே ஒரு கல்வெட்டைத்தான் பார்க்க நேரம் என்றால் இதைப் பாருங்கள். கி.பி. 642-ல் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் வாதாபியைப் பிடித்தான். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பழிவாங்கக் காரணம் இருந்தது, படையும் இருந்தது. ஆனால் இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதை இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தேன் என்று தன் மொழியில் எழுதி வைத்துவிட்டுப் போனான். அவன் அரசி லோகமகாதேவி அந்த வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் எடுப்பித்த விருபாட்சர் கோயிலில் கைலாசநாதரின் சாயல் தெளிவாகத் தெரியும். பின்னால் வந்த இராசராசன் காலத்துக் கல்வெட்டு இதைக் 'கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி' என்று குறிக்கிறது; கற்றளி என்றால் கல்லால் கட்டிய கோயில். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் காலத்தில் 'பெரிய கற்றளி' என்று பெயர் வாங்கிய கோயில் இது என்பதை நினைத்துக்கொண்டு விமானத்தை இன்னொரு முறை அண்ணாந்து பாருங்கள்.

அங்கிருந்து பத்து நிமிடத்தில் திருப்பருத்திக்குன்றம். காஞ்சிக்கு வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைத் தவறவிடுகிறார்கள். திரைலோக்கியநாதர் கோயில், மூலவர் வர்த்தமான மகாவீரர். பக்கத்திலேயே சந்திரப்பிரபர் கோயில். இங்கே பார்க்க வேண்டியது சங்கீத மண்டபத்தின் விதானம். விஜயநகர அமைச்சனும் தளபதியுமான இருகப்பன் 1387-ஐ ஒட்டிக் கட்டிய மண்டபம் அது. சமணனான இவன் தன் குரு புஷ்பசேனரின் சொற்படி கட்டியதாகக் கல்வெட்டு உண்டு. விதானம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓவியம்: ரிஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் கதைகள். இந்த ஓவியங்கள் மண்டபம் கட்டியதற்குப் பின்னும் பல காலங்களில் தீட்டப்பட்டவை, புதுப்பிக்கப்பட்டவை. கட்டங்களுக்குக் கீழே தமிழில் விளக்கமும் எழுதியிருப்பார்கள். கழுத்து வலிக்கும், ஒரு சிறிய கண்ணாடி கொண்டுபோய் மடியில் வைத்துப் பார்ப்பது பழைய தந்திரம், கைபேசியின் செல்ஃபி கேமராவும் அதே வேலையைச் செய்யும். கோயிலின் பின்புறம் இருக்கும் குரா மரம் ஊரார் போற்றும் மரம். கூட்டமே இராது, பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள், பராமரிப்பவர் வந்து திறப்பார்.

10.30-க்குள் ஏகாம்பரநாதர் கோயிலுக்குத் திரும்பிவிடுங்கள். ராஜகோபுரம் 192 அடி, கிருஷ்ணதேவராயர் 1509-ல் எடுப்பித்தது. பஞ்சபூதத் தலங்களில் இது பிருத்வி, மண். வேகவதி பெருக்கெடுத்தபோது மணலால் பிடித்த லிங்கத்தை அம்பிகை தழுவிக் காத்தாள் என்பது தலபுராணம். அதனால்தான் லிங்கத் திருமேனிக்கு நீர் அபிஷேகம் கிடையாது, ஆவுடையாருக்கு மட்டும்தான். 'அபிஷேகம் எத்தனை மணிக்கு?' என்று கேட்டுக் காத்திருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: காஞ்சியின் பழைய சிவன் கோயில்களில் அம்பாளுக்குத் தனிச் சன்னதி இருக்காது. ஊருக்கே காமாட்சி ஒருத்திதான் அம்பாள். குமரகோட்டம் முருகன் இந்த இரண்டு கோயிலுக்கும் நடுவில் இருப்பதால் ஊரே ஒரு சோமாஸ்கந்தர் என்பார்கள்.

பிராகாரம் நீளம், அப்பாவை மாமரத்தடி வரை மட்டும் அழைத்துப் போனால் போதும். தல மரமான மாமரத்தின் நான்கு கிளைகளும் நான்கு வேதம், நான்கு சுவைப் பழம் என்பார்கள். உட்பிராகாரத்தில் பெருமாள் சன்னதி ஒன்று இருக்கிறது, பலர் யாரோ பரிவார தேவதை என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். அது நிலாத்திங்கள் துண்டத்தான், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. சிவன் கோயிலுக்குள் ஒரு திவ்ய தேசம்! திவ்ய தேச எண்ணிக்கை வைத்திருக்கும் குடும்பமென்றால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். காமாட்சி கோயிலுக்குள் ஒன்று, உலகளந்த பெருமாள் கோயிலுக்குள் நான்கு, வைகுண்டப் பெருமாள், வரதர் என்று நான் சொல்லும் வரிசையிலேயே 14-ல் எட்டு முடிந்துவிடும்.

12 மணி முதல் 4 மணி வரை அறை எடுத்துப் பெற்றோரைப் படுக்க வையுங்கள். நீங்கள் மட்டும் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் தறிச் சத்தம் கேட்கும். பட்டு வாங்குவதாக இருந்தால் இரண்டே விஷயம். கோர்வை என்பது உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் ஓட்டி, ஒவ்வொரு இழையிலும் கோத்து நெய்வது. புடவையைப் புரட்டி உடலும் கரையும் சேரும் கோட்டைப் பாருங்கள், நிறம் ஒன்றில் ஒன்று வழியாமல், பல் கோத்தது போல் இணைந்திருக்கும். ஜரிகையின் ஓர் இழையைச் சுரண்டினால் அசல் ஜரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். வெள்ளையாகவோ வழவழப்பான செயற்கை நூலாகவோ வந்தால் அது வேறு ஜரிகை, விலையும் வேறாக இருக்க வேண்டும். 'நெசவாளர் வீட்டு விலை' என்று யாராவது வழியில் அழைத்தால் அழைப்பவருக்கும் அதில் பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகக் காந்தி ரோட்டில் உள்ள கூட்டுறவுச் சங்கக் கடைகளில் முதலில் விலையைப் பார்த்துக்கொண்டு, பிறகு வேறு கடை ஏறுங்கள்.

மாலை முதல் இடம் வைகுண்டப் பெருமாள், ஆழ்வார் பாசுரத்தில் பரமேச்சுர விண்ணகரம். இரண்டாம் நந்திவர்மன் பல்லவமல்லன் எட்டாம் நூற்றாண்டில் கட்டியது. மேற்கு நோக்கிய கோயில், ஆகவே மாலை ஒளி. மூன்று தளம்: கீழே வீற்றிருந்த கோலம், நடுவில் கிடந்த கோலம், மேலே நின்ற கோலம். சாதாரண நாளில் கீழ்த்தளம்தான் தரிசனம். மேலே ஏற விடவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது கீழே, சிங்கத் தூண்கள் நிற்கும் திருச்சுற்று மண்டபத்தின் சுவரில் இருக்கிறது.

பிரம்மாவில் தொடங்கி நந்திவர்மன் வரை பல்லவ வம்சத்தின் வரலாறு முழுவதும் இரண்டு வரிசைப் புடைப்புச் சிற்பமாக ஓடுகிறது. புராணக் காட்சிகள் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். முடிசூட்டு, போர், யானைப்படை, அரசவை என்று கட்டம் கட்டமாக ஓர் அரச குடும்பம் தன் கதையைத் தானே செதுக்கி வைத்திருக்கிறது. அதற்கு அவசரக் காரணமும் இருந்தது. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்தான். அமைச்சர், கடிகையார் (கல்விச்சாலையைச் சேர்ந்தவர்கள்), நகரத்துப் பெரியவர்கள் சேர்ந்து கிளை வழியில் வந்த இரணியவர்மனிடம் போய் அரசன் வேண்டும் என்று கேட்டார்கள். அவனுடைய நான்கு பிள்ளைகளில் முதல் மூன்று பேரும் மறுத்துவிட்டார்கள். கடைக்குட்டி பல்லவமல்லன் நான் போகிறேன் என்றான், வயது 12. இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவன், நானும் அந்த வம்சம்தான் என்று நிரூபிக்க எழுப்பிய சுவர் இது. சிற்பத்தோடு இருக்கும் கல்வெட்டு இந்தத் தேர்தல் நிகழ்ச்சியை விவரிக்கிறது. வலமாக ஒரு சுற்று சிற்பத்துக்கு, இன்னொரு சுற்று தூண்களுக்கு. முக்கால் மணி நேரம். இங்கும் மணற்கல், இங்கும் தேய்மானம். தொல்லியல் துறைப் பராமரிப்பு என்பதால் இருட்டும் முன் பார்த்துவிடுவது நல்லது.

பிறகு உலகளந்த பெருமாள். கோயில் சிறிது, படியேற்றம் இல்லை, அப்பாவுக்குச் சிரமமே இராது. உள்ளே சுமார் 35 அடி உயரத்தில் திரிவிக்கிரமர், ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்கிய கோலம். கைகளைப் பாருங்கள்: ஒரு கையில் இரண்டு விரல், இன்னொரு கையில் ஒரு விரல். இரண்டடி அளந்தாயிற்று, மூன்றாவது எங்கே என்ற கேள்வி அது. முகம் இருட்டில் உயரத்தில் இருக்கும். நீண்ட கோலின் முனையில் தீபத்தை ஏற்றி அர்ச்சகர் காட்டும் அந்தச் சில நொடிகளில்தான் முழு உருவமும் பிடிபடும், கையெடுத்துக் கும்பிடும் அவசரத்தில் கண்ணை மூடிவிடாதீர்கள். பக்கத்தில் ஆதிசேஷ வடிவான ஊரகத்தான். நீரகம், காரகம், கார்வானம் மூன்றும் இதே வளாகத்தில். ஊரகத்தோடு சேர்த்து நான்கு.

இரவு 7 மணி வாக்கில் காமாட்சி. பத்மாசனத்தில் அமர்ந்து, கரும்பு வில், மலர் அம்பு, பாசம், அங்குசத்தோடு இருப்பவள்; எதிரே ஸ்ரீசக்கரம், குங்கும அர்ச்சனை அதற்குத்தான். சன்னதி முன்மண்டபத்தில் கள்வர் பெருமாள் இருக்கிறார், மிகச் சிறிய உருவம். வரிசை தள்ளுவதில் தவறவிடுவது எளிது, கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஆர்வம் இருக்கும் ஒரு செய்தி: இங்கிருந்த தங்கத் திருமேனி, பங்காரு காமாட்சி, போர்க்காலங்களில் ஊரை விட்டு எடுத்துச் செல்லப்பட்டுக் கடைசியில் தஞ்சாவூரில் குடியேறியது. அந்தக் காமாட்சிக்குப் பூசை செய்த குடும்பத்தில் வந்தவர்தான் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி. வழியில் குமரகோட்டம் பத்து நிமிடம் நின்று பார்க்கலாம். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் அரங்கேற்றிய மண்டபம் அங்கே இருக்கிறது. முதல் சொல் 'திகட' என்பதற்கே இலக்கணம் எங்கே என்று அவையோர் மறித்ததாகவும், வீரசோழியம் என்ற இலக்கண நூலில் விதி காட்டிய பிறகுதான் அடுத்த பாட்டுக்குப் போனதாகவும் கதை. தமிழ்ப் புலவர் சபையைத் தெரிந்தவர்களுக்கு இது நம்பக்கூடிய கதைதான்.

ஞாயிறு காலை 7 மணிக்குள் வரதர் கோயில். மேற்கு ராஜகோபுரம் வழியாக நுழைந்ததும் இடப்பக்கம் நூற்றுக்கால் மண்டபமும் அதையடுத்து அனந்தசரஸ் குளமும். முதலில் தரிசனம், பிறகு மண்டபம். வரிசை நீள்வதற்குள் மேலே போய்விடுவது புத்திசாலித்தனம்.

மூலவர் இருப்பது அத்திகிரி என்கிற உயரமான கட்டின் மேல். 24 படி, காயத்ரியின் 24 எழுத்து என்பது கணக்கு. இங்குதான் அப்பாவின் முழங்கால் சோதிக்கப்படும். படி செங்குத்து, கூட்டமில்லாத நேரத்தில் ஓரமாகப் பிடித்து நின்று ஏறலாம், கூட்டத்தில் பின்னாலிருந்து தள்ளுவார்கள், நிற்க முடியாது. இறங்கும்போதுதான் முழங்காலுக்கு அதிக பாரம் என்பதால் ஒருவர் முன்னால் இறங்க வேண்டும். ஏற முடியாவிட்டால் கீழே குகை நரசிம்மரையும் பெருந்தேவித் தாயாரையும் சேவித்துக்கொண்டு உட்காரட்டும். மேலே தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுவிட்டு வெளியே வரும் வழி தனி. கைபேசியும் செருப்பும் வைத்த இடத்துக்குச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும். எல்லோரும் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள், கொடிமரம் நல்ல அடையாளம்.

நூற்றுக்கால் மண்டபத்தில் எண்ணினால் 96 தூண்தான் வரும். விஜயநகர காலத்து வேலை. ஓரத் தூண்களில் பாயும் குதிரைகள், அன்னத்தின் மேல் ரதி, கிளி மேல் மன்மதன். மண்டபத்தின் கூரை மூலைகளில் தொங்கும் கல் சங்கிலியை அண்ணாந்து பாருங்கள். வளையம் வளையமாகச் செய்து கோத்ததல்ல, ஒரே கல்லில் குடைந்தது. கைலாசநாதர் மணற்கல்லை நேற்றுப் பார்த்த கண்ணுக்கு, இந்தக் கருங்கல்லில் 400, 500 ஆண்டுக்குப் பிறகும் குதிரையின் கடிவாள முடிச்சுகூட மழுங்காமல் இருப்பது உடனே தெரியும்.

குளத்தின் நடுவில் இருக்கும் சிறு மண்டபத்தின் அடியில், நீருக்குள், அத்தி வரதர். 2019 ஜூலை 1 முதல் 48 நாள் வெளியே வந்து, முதலில் சயனக் கோலத்திலும் ஆகஸ்டு முதல் நின்ற கோலத்திலும் தரிசனம் தந்தார். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்குப்படி அடுத்தது 2059. முந்தையது 1979, அதற்கு முன் 1937. ஆக நாற்பது என்பது எப்போதும் கண்டிப்பாக இருந்ததில்லை. இப்போது போய்க் குளத்தில் எட்டிப் பார்த்தால் தண்ணீர்தான் தெரியும்.

கிளம்பும் முன் பிரசாதக் கடையில் இட்லி கேளுங்கள். இதுதான் அசல் காஞ்சிபுரம் இட்லி: பச்சரிசி, உளுந்து மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் வேக வைப்பது. தடிமனாக, குழல் போல் வெந்து வரும், துண்டு போட்டுக் கொடுப்பார்கள். ஓட்டலில் அந்தப் பெயரில் வரும் மென்மையான இட்லியை எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். இது கெட்டியாக, சுக்குக் காரத்தோடு இருக்கும். உளுந்து புளித்த மணம் தூக்கலாக வரும். சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நேரம் மிச்சமிருந்தால் திரும்பும் வழியிலேயே தூப்புல் விளக்கொளிப் பெருமாள். 1268-ல் வேதாந்த தேசிகர் பிறந்த இடம். அருகில் திருவெஃகா. திருமழிசையாழ்வார் சொன்னதும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் கிளம்பிய பெருமாள், திரும்பி வந்து வழக்கத்துக்கு மாறான திசையில் தலை வைத்துப் படுத்தார் என்பதால் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். இரண்டுமே சிறிய கோயில்கள், அரை மணி நேரத்தில் முடியும். பாண்டவதூதர் கோயிலில் சுமார் 25 அடி உயரத்தில் உட்கார்ந்திருக்கும் கண்ணனையும் சிலர் விடமாட்டார்கள். ஆனால் அது பெரிய காஞ்சிபுரத்தில் இருப்பதால் சனிக்கிழமையே செருகிக்கொள்ள வேண்டும்.

சில்லறை விஷயங்கள். ஆட்டோவாக இருந்தால் கோயில்களின் எண்ணிக்கைக்குப் பேசாதீர்கள், நேரத்துக்குப் பேசுங்கள். எண்ணிக்கைக்குப் பேசினால் ஒவ்வொரு வாசலிலும் உங்களை அவசரப்படுத்துவார்கள்; பட்டுக்கடையில் நிறுத்தக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பழைய பருத்திக் காலுறை ஆளுக்கொரு ஜோடி எடுத்துக்கொண்டால் 10 மணிக்கு மேல் கருங்கல் தளம் சுடாது, காலுறையோடு சுற்றுப் பிராகாரத்தில் நடப்பதை யாரும் தடுப்பதில்லை. கைபேசிக் கட்டுப்பாடு கோயிலுக்குக் கோயில் வேறு. கைலாசநாதர், வைகுண்டப் பெருமாள் திருச்சுற்றில் படம் எடுக்கலாம், எந்தக் கோயிலிலும் கருவறைப் பக்கம் கூடாது. வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு 'அன்னதானம், திருப்பணி' என்று நிற்பவர்களிடம் கொடுக்க வேண்டாம். கொடுக்க நினைப்பதை உண்டியலில் போடுங்கள், அல்லது கோயில் அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்குங்கள்.

வைகாசியில் வருவதாக இருந்தால் வரதரின் பிரம்மோற்சவத் தேதிகளை முதலில் பாருங்கள். கருட சேவை அன்று ஊருக்குள் கார் நுழையாது, அறையும் கிடைக்காது. பங்குனி உத்திரத்தை ஒட்டி ஏகாம்பரநாதர் கோயிலிலும், மாசியில் காமாட்சியிலும் இதே நிலைமைதான். கார்த்திகைக் கடைஞாயிறு அன்று கச்சபேசுவரர் கோயிலில் தலையில் மண்சட்டி விளக்கு ஏந்திச் சுற்றுவார்கள், பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் கோயில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே என்பதால் அன்று நடு ஊரைக் கடக்கவே ஒரு மணி நேரம் ஆகலாம். இந்த நெரிசல் எதுவும் வேண்டாமென்றால் தை மாதத்தில் முகூர்த்தமில்லாத ஒரு வார இறுதியைப் பிடியுங்கள். வெயிலும் தாழ்ந்திருக்கும், கைலாசநாதர் முகப்பில் காலை ஒளியும் நெடுநேரம் சாய்வாகவே நிற்கும்.